சுவிட்சில் வைத்த கை

டைப்பக்காவின் கம்ப்யூட்டர் அந்த வருடம் அவள் உயிரை வாங்கியது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், அவளும் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டே போவாள், திடீரென்று பொட்டென அணைந்துவிடும். ஒரு முனகல் கூடக் கிடையாது. பொத்தானை அமுக்கினால் கல்லு மாதிரி கிடக்கும். கொஞ்ச நேரம் வாயார வைதுவிட்டு மறுபடி அமுக்கினால், ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்காரும். இதென்னடா மாய்மாலம் என்று அதன் தலையில் ரெண்டு போடலாம் போல வரும் அவளுக்கு.

பதிப்பகத்துக்குப் புத்தகம் டைப் அடித்துப் பக்கம் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். அதனால் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் டைப்பக்காதான். புருஷன் கரண்டுக்காரர். எத்தனையோ கட்டடங்களுக்கு வயர் இழுத்த மனுஷன், வயதாகி இப்போது வீட்டோடு இருக்கிறார். பிள்ளை குட்டி இல்லை. குடும்பம் ஓடுவது அவள் பத்து விரலில்தான். அப்போது அவள் கையில் இருந்தது தலையணை தடிமனுக்கு ஒரு மருத்துவப் புத்தகம். அணைகிறபோதெல்லாம் அரைநாள் வேலை காற்றோடு போனது. ஒரு தடவை ஃபைலே திறக்கவில்லை. பதிப்பக மேனேஜர் நல்ல மனுஷன்தான், ஆனால் எவ்வளவுதான் பொறுப்பார்? "அக்கா, இன்னொரு தடவை தள்ளிப்போச்சுன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் என்கிட்ட வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

ரிப்பேர் பார்க்க வந்தவருக்கு ஊதல்காரர் என்று பேர். பெட்டியைத் திறந்ததும் கன்னம் உப்ப ஒரு ஊது ஊதுவார். ஊதினாலே பாதி வியாதி போய்விடும் என்பது அவர் கட்சி.

"சூடாகுதுக்கா. ஃபேன்ல இவ்ளோ தூசிய அடைச்சு வச்சா அது பாவம் என்ன பண்ணும்? மயக்கம் போட்டு விழுது. ஆறினதும் எந்திரிக்குது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஃபேனை மாற்றினார். நிற்கவில்லை. கரண்டு உள்ளே வாங்குகிற டப்பாவை மாற்றினார், அதற்கும் மசியவில்லை. கடைசியில் கடைக்கே தூக்கிக்கொண்டு போனார். அங்கே காலையிலிருந்து கடை சாத்தும்வரை சமர்த்தாக ஓடியது சனியன். வீட்டுக்கு வந்த மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி கதையானது.

"கடையில நல்ல பிள்ளை, வீட்ல வந்தா அடம் பிடிக்குது. அப்ப மிஷின்ல இல்லக்கா. லைன்ல ஏதோ…" என்று ஊதல்காரர் இழுத்தார்.

"ஐயோ, மெதுவா பேசுங்க. அவர் போட்ட லைன். காதுல விழுந்தா வம்பு."

விழுந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கென்றே தனி லைன் இழுத்து, வீட்டின் பின்சுவரில் தனி சுவிட்ச் வைத்தவர் அவர். மோட்டார் ஓடினாலும் மிக்ஸி ஓடினாலும் அவள் வேலைக்கு ஒரு ஆட்டம் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. கரண்டுக்காரர் டெஸ்டரோடு வந்தார். பிளக், சுவிட்ச், மூடிக்குள் இருந்த ஒவ்வொரு திருகாணி என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். கை துளிகூட நடுங்கவில்லை.

"லைன் சுத்தம். உங்க பெட்டியப் பாருங்க தம்பி."

சொல்லிவிட்டு டெஸ்டரைக் கொண்டுபோய்ச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடினார். ஊதல்காரர் பார்க்கவில்லை, டைப்பக்கா பார்த்தாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். குளிக்கப் போனவர் எதற்கு வந்தோம் என்று நடுவழியில் நிற்பார், தெருமுனைக் கடைக்காரரைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்ப்பார். வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டாக்டரிடம் போனால் அவர் வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் போகாமலே தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஊதல்காரர் விடுகிற ஆள் இல்லை. அடுத்த முறை ஒரு மேஜை விளக்கைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் மாட்டியிருந்த பிளக் பலகையிலேயே மாட்டி எரியவிட்டார்.

"விளக்கு எரிஞ்சுட்டே இருந்து கம்ப்யூட்டர் மட்டும் அணைஞ்சா, தப்பு மிஷின்ல. ரெண்டும் சேர்ந்து அணைஞ்சா லைன்ல. இன்னைக்கு அது விழற வரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்ல. நீங்க பாட்டுக்கு அடிங்க."

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் அடித்துக்கொண்டிருந்தாள். பிற்பகல் வாக்கில் விளக்கும் கம்ப்யூட்டரும் ஒன்றாக அணைந்தன. தலைக்கு மேல் மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் பின்பக்கம் ஓடினார்கள்.

சுவிட்சை அணைத்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்திப் பொத்திக்கொண்டு கரண்டுக்காரர் நின்றிருந்தார். வெறும் சுவரின் உச்சியை அண்ணாந்து பார்த்துப் பேசினார்.

"ஏறுடா சின்னவனே. ஆஃப் பண்ணிட்டேன். நான் இங்கயேதான் நிக்கறேன். எங்கயும் போகமாட்டேன்."

"யார்கிட்டக்கா பேசறாரு?" என்றார் ஊதல்காரர், குரலே எழும்பாமல்.

டைப்பக்காவுக்குத் தெரியும். சின்னவன் அவளுடைய ஒரே தம்பி. அத்தான் அத்தான் என்று இவர் பின்னாலேயே சுற்றி, இவரோடு வேலைக்குப் போனவன். இவர்களுக்குக் கல்யாணமான புதிதில், ஒரு கட்டடத்தில் அவனை ஏணியில் ஏற்றிவிட்டு, லைனை அணைத்துவிட்டு, இவர் ஒரு டீ குடிக்கப் போனார். எவனோ ஒரு புண்ணியவான் இருட்டாக இருக்கிறதே என்று சுவிட்சைப் போட்டான். பிணமாகத்தான் இறக்கினார்கள். அழுது ஓய்ந்த பிறகு அவள் புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பக்கத்துல நின்னிருக்கக் கூடாதா?" அதன் பிறகு அந்தப் பேச்சை இந்த வீட்டில் இருவருமே எடுத்ததில்லை. அவள் மன்னித்துவிட்டாள், ஆனால் மன்னித்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள், பாவி.

கொஞ்ச நேரத்தில் "இறங்கிட்டியா? சரி" என்று தானாகவே சுவிட்சைப் போட்டுவிட்டு, இவர்களைத் தாண்டி உள்ளே போய் பேப்பரை விரித்தார் அவர். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால், "எங்கயும் போகலயே" என்றார்.

டாக்டரிடம் கூட்டிப்போனாள். மறதி நோய், இனி கூடத்தான் செய்யும், குறையாது என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் கரண்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு என்ன உடம்புக்கு? டாக்டர் என்ன சொன்னார்?" என்று அவளை விசாரித்துக்கொண்டே வந்தார்.

சுவிட்சுக்கு ஒரு பெட்டி போட்டுப் பூட்டிவிடலாம் என்றார் ஊதல்காரர். பூட்டினார்கள். அன்று பிற்பகல் கரண்டுக்காரர் அந்தப் பெட்டியைக் கை வலிக்கக் குத்தினார். "அவன் மேல இருக்கான்! சாவியக் குடுங்கடா, அவன் மேல இருக்கான்!" என்று கத்திய கத்தலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. விரல் முட்டியெல்லாம் ரத்தம். டைப்பக்கா ஓடிவந்து பூட்டைத் திறந்து, அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

பிறகு ஊதல்காரரே ஒரு பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரோடு மாட்டினார். லைன் அணைந்தால் அது கூவும். கூவத் தொடங்கினால் அடித்ததைச் சேமித்துக்கொள்ளலாம். மருத்துவப் புத்தகம் ஒருவழியாக முடிந்து பதிப்பகத்துக்குப் போனது, மேனேஜரும் அடுத்த புத்தகத்தைக் கொடுத்தார். வேலை தப்பித்தது. ஆனால் அந்தப் பெட்டி கூவும்போதெல்லாம், பின்சுவரோரம் அவர் தனியாக நிற்கிறார் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் காதில் வாங்கிக்கொண்டே அடுத்த வரியை அடிப்பது லேசுப்பட்ட காரியமா? அடித்தாள், வேறு வழி?

ஒருநாள் கூவல் நிற்கவே இல்லை. பேட்டரி தீர்ந்து கம்ப்யூட்டரும் அணைந்தது. அவள் எழுந்து பின்பக்கம் போனாள். வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கால்கள் வெடவெடத்தன. கை மட்டும் சுவிட்சை விட்டு அசையவில்லை.

"இறங்கிட்டியாடா? சொல்லுடா. ஏன்டா சத்தத்தையே காணோம்?"

"வாங்க, உள்ள போலாம். வெயில்ல நின்னு எதுக்கு இப்படி?" அவள் அவர் தோளைத் தொட்டாள்.

அவர் உதறினார். "யாரும்மா நீ? தள்ளிப் போ. ஆள் மேல இருக்கான். கைய எடுக்கக் கூடாது."

யாரும்மா நீ. இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவள், அவர் கண்ணில் யாரோ ஒருத்தியாக நின்றாள். இழுத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அவர் கால் மடங்கப் பார்த்தது, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் விழுந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"அத்தான், இறங்கிட்டேன். நீங்க போடுங்க."

அவர் உடம்பு அப்படியே தளர்ந்தது. பெருமூச்சு விட்டார். சுவிட்சைப் போட்டுவிட்டு, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அடி கிடி ஒண்ணும் படலயே?"

"இல்லத்தான்."

"நல்லவேளை. வா, போலாம். உங்கக்கா சாப்பாட்ட எடுத்து வச்சுட்டு நமக்காக உக்காந்திருப்பா. நேரமானா துடிச்சுப் போயிடுவா." ரெண்டு எட்டு வைத்தவர் நின்று, குரலை இறக்கிச் சொன்னார்: "இங்க நடந்ததை அவகிட்டச் சொல்லாதடா. பயந்துருவா."

"சொல்லல அத்தான்" என்றாள் அவள்.