மூன்று எலும்பும் ஒரு முகமும்

பார்க்காததைப் பார்த்தது போலச் செய்து கொடுப்பதுதான் சுரூபச் சிலை செய்கிறவன் பிழைப்பு. சிமெண்டும் பிரஷ்ஷுமாக அல்லாடும் சக பாவிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளில் தூத்துக்குடியில் கோயிலுக்கு வாகனம், சர்ச்சுக்குச் சுரூபம், கடைக்கு போர்டு என்று எல்லாம் செய்தவன் நான்.

போட்டோ இல்லாதவர்

வியாகுலம் என்பவளின் புருஷன் கடலில் சங்கு குளிக்கப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் நினைவு வருஷப் பூசைக்கு, முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவைக்க ஒரு படம் வேண்டும் என்று வந்தாள். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. ஆளைப் பார்க்காமல் முகம் எழுத முடியாதம்மா என்று கையை விரித்தேன். பட்டறையில் காய்ந்துகொண்டிருந்த, இறக்கை வைத்த தேவதூதன் சுரூபத்தைக் காட்டிக் கேட்டாள்:

“இந்தச் சம்மனசுக்கு மட்டும் ஆரு அண்ணாச்சி போட்டோ தந்தா?”

சாக்குப்பையில் வந்த மிருகம்

அந்த வாரமே பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து டீச்சர் ஒருவர் வந்தார். பள்ளிக் கண்காட்சிக்குப் பத்தடியில் டைனோசர் வேண்டுமாம். சாக்குப்பையில் இருந்து ஒரு தொடை எலும்பு, ஒரு முதுகெலும்பு, ஒரு பல் எடுத்து வைத்தார். அரியலூர்ப் பக்கம் கிடைத்தவற்றின் பிளாஸ்டர் அச்சு. மிச்சம் எங்கே என்றேன்.

“முழுசா இருந்தா நான் ஏன் அண்ணாச்சி உங்ககிட்ட வாரேன்?”

காது

உடம்பு நன்றாகவே வந்தது. தலையில்தான் என் கைப்பழக்கம் காட்டிக்கொடுத்தது. ரிஷபம், குதிரை, சிங்கம் என்று நான் செய்த வாகனம் எல்லாவற்றுக்கும் காது உண்டு; இதற்கும் இரண்டு வைத்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை, பாவம். சுவரில் ஓடிய பல்லியைக் காட்டினார். அதற்கு ஏது மடல் காது? இரண்டு காதையும் நானே உளியால் தட்டி எடுத்தேன்.

அடுத்து ஒரு குண்டு போட்டார். கிடைத்த எலும்பு இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை அடிக்க வேண்டும்; நாம் ஊகித்ததெல்லாம் சாம்பல் நிறம். அரைகுறை வேலை என்று ஊர் சிரிக்கும், என் பெயர் கெடும் என்று சண்டை போட்டேன்.

“எது நெசம், எது நம்ம யோசனைன்னு பிள்ளைங்க கேட்டா, நான்தானே அண்ணாச்சி பதில் சொல்லணும்?”

கண்காட்சி

பயந்தபடியே நடந்தது. பெயிண்ட் தீர்ந்துபோச்சா என்று நாலு பேர் கேட்டார்கள். எனக்கு முகம் காட்ட முடியவில்லை. வியாகுலம் தன் மகனோடு வந்திருந்தாள். வெள்ளை கிடைத்தது, சாம்பல் ஊகித்தது என்று டீச்சர் பிள்ளைகளுக்குச் சொன்னதை முழுக்கக் கேட்டாள். வெள்ளைத் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

“மூணு எலும்புக்கு இம்புட்டு யோசிச்சிருக்கீக. எங்கிட்ட அவுக தம்பி மூக்கு இருக்கு, பிள்ளை கண்ணு இருக்கு, புருவத்துத் தழும்பு எனக்கு அத்துப்படி. போதாதா?”

வருஷப் பூசை

தம்பியையும் மகனையும் எதிரே உட்கார வைத்து வரைந்தேன். மூக்கு, கண், தழும்பு மூன்றையும் கறுப்பு மையில் அழுத்தமாகப் போட்டேன். வாய்க்கு மட்டும் ஆதாரம் இல்லை. டீச்சர் பாடம் நினைவுக்கு வந்தது. பென்சிலால் லேசாக ஒரு கோடு இழுத்து நிறுத்திக்கொண்டேன். பூசைக்கு முந்தின நாள் அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாயை வேண்டுமானால் திருத்தித் தருகிறேன் என்றேன்.

“வேண்டாம் அண்ணாச்சி, அத அப்படியே விடுங்க. அவுக சிரிப்பு எனக்குத் தெரியும்.”

அத்தனை சம்மனசுக்கு இறக்கை வைத்த எனக்கு, கையை எங்கே நிறுத்துவது என்று சொல்லித்தர, காதில்லாத ஒரு பத்தடிப் பல்லி வரவேண்டியிருந்தது.