ரயிலை முந்திய மோட்டாருக்கு என்ன விலை

பழைய மோட்டார் விற்கும் இடத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தால் ஒன்று புரிந்துவிடும்: விற்க வருகிறவர் சொல்லும் வண்டியும் வாங்க வருகிறவர் பார்க்கும் வண்டியும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பொருளில் ஆசையாக எதையாவது மாட்டி அழகு பார்த்துவிட்டு, பிறகு அதை விற்கப் போய் நின்றவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

பெரம்பலூரில் பெரிய ரோட்டின் மேல் அப்பாவுக்கு ஒரு ஷெட் இருந்தது. விற்க நினைக்கிறவர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அப்பா ஆள் பிடித்து விற்றுக் கொடுத்துத் தரகு வாங்கிக்கொள்வார். திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான், கடிதமும் விற்பனைப் பத்திரமும் எழுத மூலையில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்நியரிடம் எனக்குப் பேச்சு வராது. யாராவது வந்தால் காகிதத்தின் மேல் குனிந்துகொள்வேன். காது மட்டும் நிமிர்ந்திருக்கும். யுத்தம் முடிந்தும் பெட்ரோலுக்குக் கூப்பன் நீங்காத அந்த நாட்களில், ஒரே வண்டி எங்கள் ஷெட்டில் ஒன்றரை மாதம் நின்றது. அதைப் பார்க்க வந்தவர்களைத்தான் எழுதுகிறேன்.

என்னென்ன சேர்த்தார்

வண்டிக்காரர் விக்கிரமங்கலம் ராஜமாணிக்கம். முப்பது வயது இருக்கும். சொந்த நிலம், கிணற்றுப் பாசனம். நாலு பேர் போகிற சீமை மோட்டாரை வாங்கி, பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் வண்டியாக ஆக்கியிருந்தார். பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டர் ஒன்றுக்கு இரண்டு. வேகத்துக்காக இஞ்சினின் மேல்மூடியைச் சீவி மெலிசாக்கியிருந்தார். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுத் தட்டையானவற்றைப் போட்டு வண்டியைத் தாழ்த்தியிருந்தார். சைலன்சருக்குப் பதில் செம்புக் குழாய். அரியலூர் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது கிளம்பி, கல்லகத்தில் அதற்கு முன்னால் போய் நின்ற வண்டியாம்.

இப்போது கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. ஏற்றம் இறைத்துக் கட்டுப்படியாகவில்லை, கரும்பு வாடுகிறது. தண்ணீர் இறைக்கத் திருச்சியில் ஓர் ஆயில் இஞ்சின் பேசி வைத்திருக்கிறார். பங்குனி முடியும்வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குள் வண்டி போக வேண்டும். வாங்கின விலை, அதன் மேல் சேர்த்த ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு, இரண்டையும் கூட்டி ஒரு தொகை சொன்னார். அப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் விவரத்தை எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்ற ராஜமாணிக்கம், காகிதத்தை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் எழுதிட்டியாம்மா? ரயிலை விட்டுடாத."

டாக்டர்

முதலில் வந்தவர் அரியலூர் டாக்டர் ஒருவர். கிராமங்களுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவர். வண்டியைச் சுற்றி வந்தார், திருப்தியாகத் தலையாட்டினார். ராஜமாணிக்கம் பெருமையோடு இஞ்சினைக் கிளப்பினார். ஷெட் தகரம் அதிர்ந்தது. என் மேஜையில் மைக்கூடு நகர்ந்தது. எதிர்க் கடையில் கட்டியிருந்த மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

டாக்டர் காதிலிருந்து கையை எடுக்காமல் அப்பாவிடம் சொன்னார்: "இதுல போய் நான் ஒருத்தர் வாசல்ல இறங்கினா, உள்ள இருக்கிறவர் போயிட்டார்னு ஊரே கூடிடும்ங்க."

வேப்பந்தட்டைக்காரர்

அடுத்தவர் வேப்பந்தட்டை விவசாயி. குனிந்து பார்த்தார், போதவில்லை. மேல்துண்டைத் தரையில் விரித்து அதன் மேல் படுத்தே பார்த்தார். கையை உள்ளே விட்டு அளந்தார். தரைக்கும் வண்டிக்கும் நடுவே அரைச் சாண்தான். தாழ்த்தினால்தான் வளைவில் சாயாது என்று ராஜமாணிக்கம் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வீட்டில் ஒன்பது பேர் என்றும், இரண்டு பேர் மட்டும் ஏறிக் கிளம்பினால் மற்ற ஏழு பேரும் சேர்ந்து கதவைச் சாத்திவிடுவார்கள் என்றும் தன் பங்குக்கு விளக்கினார்.

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டபடி மரியாதையாகத்தான் சொன்னார்: "வண்டி பிரமாதங்க. எங்க ஊரு ரோட்டையும் கொஞ்சம் இழைச்சுக் குடுத்தீங்கன்னா எடுத்துக்கிறேன்."

அருமை தெரிந்தவர்

அருமை தெரிந்த ஆள் ஒருவன் வந்தால் போதும் என்று ராஜமாணிக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். வந்தான், குரும்பலூரிலிருந்து. செம்புக் குழாயைத் தடவிப் பார்த்தான். இரண்டு கார்புரேட்டரையும் திறக்கச் சொல்லிக் கண் கலங்காத குறையாக ரசித்தான். இரண்டு மணி நேரம் இருவரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள் மாதிரி பேசினார்கள். நான் பத்திரக் காகிதத்தை எடுத்தே வைத்துவிட்டேன்.

விலைக்கு வந்தபோதுதான் அவன் மனசு தெரிந்தது: "எல்லாம் அருமைண்ணே. ஆனா எனக்குப் பித்தளைக் குழாய்தான் ஆசை. உங்க சாமானெல்லாம் கழட்டற கூலியை விலையில கழிச்சுக்குங்க."

அன்று ராஜமாணிக்கம் பஸ் வரும்வரை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்து ஒரு கரும்புத் தோகையை எடுத்தார். பாதிக்கு மேல் காய்ந்திருந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பங்குனி முடிய பன்னெண்டு நாள்தான் இருக்கு. கழட்டின பழைய சாமானையெல்லாம் திரும்ப மாட்டிடலாமா தம்பி?" என்றார். அவர் தோகையைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு சொன்னார்: "அதெல்லாம் எங்க கெடக்குன்னு எனக்கே தெரியாதுண்ணே. வூட்ல வேணா கேட்டுப் பாக்கலாம்."

மாட்டு வண்டியில் வந்த மோட்டார்

அவர் மனைவி செல்லம்மாளுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். இன்னின்ன சாமான் வேண்டும் என்று பதினொன்று எழுதியிருந்தேன். நாலாம் நாள் மாட்டு வண்டியில் பதினொன்றும் வந்தன. கூடவே அவரும் வந்தார். மோட்டாரின் பின்பக்கம் கன்றுக்குட்டிக்குத் தவிட்டுத் தொட்டியாக இருந்திருக்கிறது. சைலன்சர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியது. பின் சீட்டில் மணியக்காரர் வந்தால் உட்காருவாராம். பழைய ஸ்பிரிங்குகளுக்கு எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றியிருந்தார்.

மெக்கானிக் காசிம் பாய் தொட்டியைக் கழுவிக் கழுவித் தவிட்டு வாசனை போகாமல், "யா அல்லா" என்று உட்கார்ந்துவிட்டார். எல்லாம் திரும்ப மாட்டலாம், சீவின மூடி மட்டும் வளராது. இரண்டு தகடு வைத்துச் சரிக்கட்டுகிறேன் என்றார். பிறகு, "இதையெல்லாம் எதுக்கும்மா இவ்ளோ பத்திரமா வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

செல்லம்மாள் கணவர் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "ரயிலை ஜெயிச்சுட்டேன்னு ஒரு நாள் வந்து சொன்னாருங்க. இதை விக்க வேண்டி வரும்னு அன்னிக்கே தோணிடுச்சு."

அடக்கமான வண்டி

பங்குனி முடிய மூன்று நாள் இருக்கையில் அரியலூர் ஜவுளிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். இஞ்சின் ஓடுகிறதா என்று குனிந்து கேட்கும் அளவுக்கு வண்டி அமைதியாகியிருந்தது. மூடி சீவின விஷயத்தை அப்பா மறைக்காமல் சொன்னார். ஜவுளிக்காரர் அதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மற்றபடி சாதாரண வண்டிக்கு ஊரில் என்ன விலையோ அதைக் கொடுத்தார். "அடக்கமான வண்டி" என்று அவர் மனைவி பாராட்டியபோது ராஜமாணிக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேர்த்த சாமான்கள் ஒரு கோணியில் அவர் காலடியில் இருந்தன. அவற்றுக்கு யாரும் விலை கேட்கவில்லை.

பணம் ஆயில் இஞ்சினுக்குச் சரியாக இருந்தது. மறுநாளே திருச்சிக்குப் போவதாக ஏற்பாடு. இஞ்சின் கடைக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லி அப்பா என்னிடம் விவரம் சொன்னார். புறப்படும் முன் செல்லம்மாள் என் மேஜைக்கு வந்து குனிந்து, என்னைப் போலவே தணிந்த குரலில் பேசினார்: "இஞ்சினோட ஸ்பேனர் ஒரு செட்டு வருமாமே. அதை மட்டும் என் கையில குடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதும்மா."

ஆசையாகச் சேர்த்ததற்கு விற்கும்போது விலை கிடைக்குமா என்று யாராவது கேட்டு வந்தால், கழற்றினதைக் காப்பாற்ற வீட்டில் ஒருவர் இருந்தால் சேர்க்காத வண்டியின் விலையாவது கிடைக்கும் என்று, பேச வராத நான், காகிதத்தில் எழுதி நீட்டிவிடுகிறேன்.