பெண் கேட்கப் போன ஜெயசீலன்

தேங்காய் எண்ணெய் வாசனை வந்தால் ஜெயசீலன் ரயில் ஏறிவிட்டான் என்று அர்த்தம்.

காலையில் மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டு, கையைச் சரியாகக் கூடத் துடைக்காமல் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடி வருவான். அவன் மனைவி மெர்சி டீச்சர் ஸ்கூலுக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டும், அதனால் பின்னல் இவன் டிபார்ட்மென்ட். ஒருநாள் மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் சுற்றியபடியே எங்கள் கிண்டி ஆபீஸ் வரை வந்துவிட்டான்.

"இன்னா மச்சான், வளையல் சூப்பரா கீது" என்று கேண்டீனில் ஓட்டினார்கள்.

அவன் ரிப்பனை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். "சாயந்தரம் கேப்பாடா. தொலைச்சேன்னா பேஜார்."

போன மாதம் அவன் போய்விட்டான். மாரடைப்பு... ஆஸ்பத்திரிக்குக் கூட நேரம் தரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் "தங்கமான மனுஷன்" என்றார்கள். அது எனக்குப் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்பா அம்மா சின்ன வயதிலேயே இல்லை. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருந்த காலம். பொழிச்சலூரில் இருந்த உமாவைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஆசை. அவளுக்கும்தான். உமாவின் அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"உங்க பக்கம் பேச ஒரு பெரியவங்க கூட இல்ல. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

ஒரே பெண்ணைப் பெற்றவர். அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அதற்குள் வேறொரு இடத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகப் பேச்சு... எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெயசீலனிடம் சொன்னேன். "பெரியவங்கதானே வேணும்? நான் வரேன்" என்றான். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு ஆட்டோ பிடித்தோம். டீச்சர் பட்டுப்புடவை, மகள் ஷீலா பாவாடை சட்டை, தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை பாக்கு. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமே அவ்வளவுதான்.

பொழிச்சலூர் ஏர்போர்ட்டை ஒட்டிய ஊர், விமானம் தலையை உரசுகிற மாதிரி போகும். அந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேச்சில் நிறுத்திக்கொண்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சேலையூர்க்காரன் ஜெயசீலனுக்கு அது எங்கே தெரியும்? உமாவின் அப்பா அதே கேள்வியைக் கேட்டார். இவன் பதில் சொல்ல ஆரம்பித்தான், விமானம் வந்தது, இவன் நிறுத்தவே இல்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"சத்தத்துல கேக்கல தம்பி. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

மறுபடி ஆரம்பித்தான். மறுபடி ஒரு விமானம்.

"இன்னொரு வாட்டி..."

மூன்றாவது தடவை வானம் அமைதியாக இருந்தது.

"சார், இவனுக்கு ஆள் இல்லன்னு நெனைக்காதீங்க. நான் இருக்கேன். உங்க பொண்ணு கண்ணுல தண்ணி வந்தா நீங்க இவன்கிட்ட பேசவே வேணாம். நேரா சேலையூர் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

உமாவின் அப்பா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு மொத வாட்டியே கேட்டுச்சு தம்பி. எத்தினி வருஷமா இந்தச் சத்தத்துல குடியிருக்கோம். மாத்திப் பேசுறீங்களான்னு பாத்தேன். ஒரு வார்த்தை மாறல."

உள்ளே திரும்பிக் காபி போடச் சொன்னார். அதற்குள் நம்ம ஆள் சந்தோஷத்தில், பழக்கதோஷத்தில், எழுந்து நின்று "ஒரு சின்ன ஜெபம் பண்ணிடலாமா?" என்று கண்ணை மூடிவிட்டான். எதிர்ச் சுவரில் முருகர் படம். டீச்சர் அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. உமாவின் அப்பா மெதுவாக எழுந்தார், முருகரைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டு நின்றார். எங்கள் நிச்சயதார்த்தம் அப்படித்தான் நடந்தது.

அந்தக் கதவைத் தட்டவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. அவனே வந்துவிடுவான். வாசலில் நிற்கிற என்னைத் தாண்டி, "உமா, இவன் ஒழுங்கா இருக்கானாம்மா?" என்றுதான் முதலில் கேட்பான்.

எரிச்சலாக வரும். "டேய், நீ யாருக்குடா ஃபிரெண்டு?"

"வாக்கு குடுத்துருக்கேன்ல?"

என் மகனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும். உமாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. என் மாமனாரே போன் போட்டு ஜெயசீலனைக் கூப்பிட்டார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஜம்மென்று உட்கார்ந்தான். குழந்தையைவிட அவன்தான் அதிகம் அழுதான். அன்றைக்கு எனக்கு அவனை நினைத்து எவ்வளவு பெருமை என்று அவனிடம் சொன்னதில்லை. இப்போது ஊருக்கே சொல்கிறேன்.

போன மாதம் சேலையூர் வீட்டில் பெட்டியை மூடுவதற்கு முன்னால், சொந்தக்காரர்கள் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார் பாஸ்டர். அண்ணன் தம்பிகள், மச்சினர்கள் என்று வரிசையாகப் போனார்கள். உமா கேட் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். முன்னால் போகலாமா கூடாதா என்று அவளுக்குத் தயக்கம்.

மூடியைத் தூக்கினார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த டீச்சர் கையை நீட்டித் தடுத்தார்.

"மூடாதீங்க. அவரோட தங்கச்சி இன்னும் பாக்கல."

கூட்டம் விலகி வழிவிட்டது. உமா போனாள்.

நேற்று டீச்சர் போன் பண்ணினார். என்னிடம் இல்லை, உமாவிடம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாராம். முன்பெல்லாம் அந்த வீட்டுக்கு நான் என் ஃபிரெண்டைப் பார்க்கப் போவேன், உமா கூட வருவாள். இப்போது உமா தன் பிறந்த வீட்டுக்குப் போகிறாள். நான் கூடப் போகிறேன்.