கோயில் சுவருக்குச் சுமந்த தண்ணீர்

நான் தங்கச் சுரங்கத்துக்கு வெளியே கல் உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் குடிசைகளுக்குப் பக்கத்தில் மண்சுவர் வைத்துக் கோயில் கட்டினார்கள். எனக்கு ஞானஸ்நானம் வாங்க ஆசை. என்னைப் போன்றவளுக்கு அது சும்மா கிடைக்காது என்று நினைத்து, தினமும் வேலை விட்டதும் அந்தச் சுவருக்குக் குளத்திலிருந்து தண்ணீர் சுமந்தேன்.

ஒருநாள் ஞானஸ்நானம் கேட்டுப் போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டார்: "எதை நம்பி வந்திருக்கீங்க அம்மா?"

"சுமந்த தண்ணியைத்தான் ஐயா."

"ஒரு குடம்கூடச் சுமக்காம வந்திருந்தாலும் ஆண்டவர் உங்களைச் சேர்த்துக்குவார். சிலுவையில அவர் செஞ்சதே போதும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போ என் கழுத்துவலி வீணா என்று கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். யோசிக்க யோசிக்க, சுமந்தது போதுமோ போதாதோ என்று இத்தனை நாள் நெஞ்சை அழுத்திய பயம் இறங்கியது. அழுதுகொண்டே உள்ளே திரும்பினேன். அந்த ஞாயிறே ஞானஸ்நானம் பெற்றேன்.

மறுநாள் சாயங்காலம் குடத்தை எடுத்தேன். என் வீட்டுக்காரர், "அதான் கெடைச்சிடுச்சே, இன்னும் இன்னாத்துக்குச் சுமக்கற?" என்றார்.

"இத்தினி நாளா கூலிக்குச் சுமந்தேன். இனிமே எங்கப்பா வூட்டுக்குச் சுமக்கறேன்" என்றேன்.

மழைக்கு முன்பே சுவர் எழும்பிவிட்டது. கூரைக்குப் புல்லுக்கட்டு தூக்கி வந்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். கூரை போட்டு முடித்த அன்றைக்கு எல்லாரும் பாடியபோது என் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது.