கல்யாண வேனை நிறுத்தச் சொன்ன மாப்பிள்ளை

புது வேட்டியின் கஞ்சி வாசனை, கழுத்தில் ஈரம் காயாத மாலை, வேனுக்குள் அக்கா பூசியிருந்த சென்ட்... இவை எல்லாம் சேர்ந்து மூச்சை அடைத்தன.

எட்டு வருடத்துக்கு முன், என் கல்யாணக் காலை. கம்பளையிலிருந்து கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கெலிஓயாவைத் தாண்டும்போது விரல்கள் மரத்துப்போயின. நெஞ்சு படபடவென்று அடித்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

"டேய், என்னடா இப்படி வேர்க்குது? ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லவா?" அக்கா பதறிவிட்டாள்.

இது இருதய நோய் இல்லை, பேனிக் அட்டாக் என்று ஒரு டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பல்லேகலயில் வேலை செய்யும் இடத்தில் இரண்டு தடவை வந்திருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணம் பேசி ஒரு வருடமாகியும் சுதாவிடமும் மறைத்திருந்தேன். தெரிந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வேறு வழி தெரியாமல் போனில் அவளுக்கே கோல் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

"முன்னால என்ன கடை இருக்கு?" என்று கேட்டாள்.

"மரக்கறிக் கடை."

"வாழைக்குலை தொங்குதா? எத்தனைன்னு எண்ணுங்க."

"ஏழு."

"அவசரப்படாம மறுபடி எண்ணுங்க."

ஒன்பது இருந்தது!

கடைக்கார நானா என் கோலத்தைப் பார்த்து உட்கார ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். "இருங்க மாப்புள, தண்ணி குடிங்க." போகிற பஸ்ஸிலிருந்து யாரோ கையசைத்தார்கள். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது.

"முகூர்த்தத்துக்கு நேரம் கிடக்கு. ஆறுதலா வாங்க. ஆனா ஒன்னு, இனிமே எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது," என்றாள் சுதா.

தாலி கட்டும்போது முதல் முடிச்சு வழுக்கியது. "மெதுவா கட்டுங்க," என்று தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

வைத்தியம் எடுத்தேன். இப்போது எப்போதாவதுதான் வருகிறது. அன்றைக்கு வாய் திறக்க ஒரு வருடம் போதவில்லை. இன்று "சுதா, வருது" என்றால் போதும். டீவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அது போகும்வரை எழுந்திருக்க மாட்டாள்.