ரசமட்டம் நேராக்கிய ஷூ

தச்சுப் பட்டறையில் அவரை, சாய்வு காட்டும் கருவியின் பேரால், ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவு மாட்டுவதில் மன்னன். கதவு நிலை ஒரு நூல், அரைக்கால் அங்குலம், சாய்ந்தாலும் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் கோணலாகத் தொங்கும் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, இடது பாதம் உள்பக்கம் மடங்கிய மகள் பிறந்தாள்.

வாரம் ஒன்றாக ஆறு மாவுக்கட்டு. பாதம் நிமிர்ந்தது. பிறகு டாக்டரம்மா, ஒரே கம்பியில் பூட்டிய இரண்டு குட்டி ஷூக்களைக் கொடுத்து, பாதம் மறுபடி மடங்காமல் இருக்க இதுதான் காவல் என்று மனைவியிடம் விளக்கினார். அந்த நேரத்தில் இவர் எங்கே போய்த் தொலைந்தார்? வெளியே, ஆஸ்பத்திரிக் கதவின் கீலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வீட்டில் பார்த்தால், இடது ஷூ ஏகத்துக்கும் வெளியே திரும்பியிருந்தது. வலது கொஞ்சமாக. குழந்தை வீல் வீலென்று கத்தினாள்.

"எந்தப் புண்ணியவான் மாட்டினான் இதை? கண்ணு பிடரியிலயா இருந்துச்சு?"

மனைவி குளிக்கப் போன நேரம் கம்பியில் இருந்த திருகைத் தளர்த்தி, இரண்டையும் நேராக வைத்து இறுக்கினார். அழுகை நின்றது. உண்மையில் அந்த நிம்மதிக்குத்தான் அவர் பயந்திருக்க வேண்டும்.

"பழகிடுச்சு பாருங்க!" என்றாள் மனைவி. அவளுக்கும் அந்த ஷூ புதுசு, கோணத்தைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் வாரம் கால் கழுவும்போது கட்டைவிரல் ஒரு நூல் உள்ளே சாய்ந்திருந்தது. அடுத்த வாரம் இரண்டு நூல். குதிகால் ஷூவுக்குள் உட்கார மறுத்தது. எல்லோருக்கும் முன்னால் அவர் கண்தான் பிடித்தது. மனைவியிடம் சொல்லாமல் காலைத் துடைத்து ஷூவை மாட்டிவிட்டார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா பாதத்தை அமுக்கிப் பார்த்து, "திரும்பவும் மடங்க ஆரம்பிச்சிருக்கே" என்றார்.

"நான்தான் பட்டையை லூசா போட்டுட்டேன் போல டாக்டர். பாவி நான்!" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கம்பியைப் புரட்டினார். "திருகை யாரும்மா திருப்பினது? உள்ள மடங்கப் பாக்குற காலை வெளிப்பக்கமா பிடிச்சு வைக்கத்தான் அந்தக் கோணம். மறுபடி முதல்லேருந்து கட்டுப் போடணும். இந்தத் தடவை எவ்வளவு நிமிரும்னு எனக்கே தெரியல."

"அவ இல்ல டாக்டர்." அவர் முன்னால் வந்தார். "நான்தான். கோணலா இருக்குன்னு நேராக்கிட்டேன்."

மனைவி குழந்தையை அவர் கைக்கு எட்டாத தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.