படக்காரி பார்க்காத பாதி

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. சலவைக்கூடத்தில் அவள் படக்காரி. கண்டிப்புக்குப் பேர்போன மேஸ்திரிகூட, "ஆஸ்பத்திரி மூட்டை வந்திருக்கு, அந்தப் படக்காரிய வரச் சொல்லு" என்றுதான் ஆள் அனுப்புவார். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. ஊரில் ஆயிரம் சலவைக்காரிகள் இருக்கலாம், படக்காரி ஒருத்திதானே என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம் அது. மடிப்பதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும், நெருங்கி வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும், மறுபடி விலக வேண்டும். யாரோடு சேர்ந்து மடிக்கிறாளோ அவள்தான் இவளுக்கு ஜோடி. படக்காரியின் ஜோடிக்குக் கல்யாணமான நாளிலிருந்து தியேட்டர் வாசலை மிதிக்க நேரம் வாய்த்ததில்லை. மாமியார், மூன்று பிள்ளைகள், குழாயடி என்று ஓடுகிறவள். அவளைப் பொறுத்தவரை சினிமா என்றால் படக்காரி நெருங்கி வரும்போது ஒரு வரி, விலகிப் போகும்போது ஒரு வரி, அவ்வளவுதான்.

புதுப்படம் வந்துவிட்டால் படக்காரி வார விடுமுறையன்று மதியக் காட்சிக்குப் போய்விடுவாள். மறுநாள் காலையில் தீர்ப்பு. அதுவும் சலவைப் பாஷையில்தான் வரும். படம் பிடித்திருந்தால் "பளிச்". அழுகையும் பாட்டும் அளவுக்கு மீறிப் போனால் "நீலம் ஜாஸ்தி". தேறவே தேறாது என்றால் "மறுபடி ஊறப் போடச் சொல்லு". பத்திரிகைக்காரர்கள் ஆகா ஓகோ என்ற படத்தையெல்லாம் ஒரே போடாகப் போட்டுத் தள்ளியிருக்கிறாள்.

"நாலு பேரு இருக்குற வீடாம், கொடியில ஒரு துணி காயல. பெத்தவ மூணு நாளா அழறாளாம், கட்டியிருக்கற சேலையில ஒரு சுருக்கம் கிடையாது. எவன்டி எடுத்தான் இந்தப் படத்த? அவன் வீட்ல துணியே துவைக்க மாட்டாங்களா?"

ஜோடி சிரித்துச் சிரித்து விரிப்பின் முனையைக் கோணலாகப் பிடிப்பாள். மேஸ்திரி அங்கிருந்தே தொண்டையைக் கனைப்பார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. சண்டை கிடையாது, ஆட்டம் கிடையாது. நகரத்துக்கு வெளியே, பேருந்து திரும்புகிற கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. அதில் படுக்கையில் கிடக்கும் அப்பா, வேலைக்குப் போகும் அம்மா, ஒரே மகள். சுவரொட்டியில்கூட வெறும் வாசல்கதவுதான். "இதுல என்னத்த எடுத்திருப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போய் உட்கார்ந்தாள்.

கால்மணி நேரத்தில் வாயடைத்துப் போய்விட்டாள். கொடியில் துணி காய்ந்தது. அதுவும் எப்படி, உள்பாவாடையைச் சேலைக்குப் பின்னால் மறைத்துக் காயப்போட்டிருந்தாள் அந்த அம்மா. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குடியிருந்து பார்த்தவன்தான் எடுத்திருக்கிறான், சந்தேகமே இல்லை என்று படக்காரி மனசுக்குள் "பளிச்" போட்டுவிட்டாள். பிறகு அந்த அம்மா, வேலை செய்யும் இடத்துப் பெண்களோடு ஒருநாள் சுற்றுலா கிளம்பினாள். வீட்டில் அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மகள் அம்மாவுக்குப் போன் போட்டாள். பேருந்துக்குள் எல்லோரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்க, மேலே சாமான் தட்டில் அந்த அம்மாவின் பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. எடுக்க ஆளில்லை. அடித்துக்கொண்டே இருக்கும்போது திரை இருண்டு, இடைவேளை என்று எழுத்து விழுந்தது.

விளக்குப் போட்டதும் மற்றவர்கள் தின்பண்டம் வாங்க எழுந்தார்கள். படக்காரி தெருவில் நின்றுகொண்டிருந்தாள். எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாழ்க்கையில் எந்த மொக்கைப் படத்திலிருந்தும் பாதியில் எழுந்து வந்தவள் இல்லை.

ஏன் வந்தாள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அவள் புருஷன் கட்டடங்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. அவன்தான் உண்மையான சினிமாப் பைத்தியம். இவளுக்கு ஒட்டிக்கொண்டது அவனிடமிருந்துதான். "நீ போயிட்டு வா. நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்று அவனே விரட்டி அனுப்புவான். வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, வில்லன் மாதிரி நடந்து காட்டி, கதாநாயகி மாதிரி கண்ணைக் கசக்கிக் காட்டி, கடைசிக் காட்சிவரை சொல்லி முடிப்பாள். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கு இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் அவன் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. "இன்னிக்குப் போகாதம்மா" என்றாள் மகள். "அட விடு, புதுப்படம். எனக்குக் கதை வேணும்" என்றான் அவன். இவளும் போனாள். தியேட்டருக்குள் போனைச் சத்தமில்லாமல் வைக்கிற நல்ல பழக்கம் வேறு. திரும்பி வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"படம் நல்லா இருந்துச்சா?"

அதற்குப் பிறகு மகள் அவளோடு பேசவில்லை. வேலைக்குப் போனாள், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் குடியேறினாள். நல்லது கெட்டது எதுவானாலும் மருமகன் வழியாகத்தான் சேதி வரும். படக்காரி படம் பார்ப்பதை நிறுத்தவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். அந்த இருட்டில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு அவனிடம் சொல்ல ஏதோ இருப்பதாகத் தோன்றியது, அதை யாரிடம் போய் விளக்குவது?

மறுநாள் விரிப்பைப் பிடித்ததுமே ஜோடி ஆரம்பித்துவிட்டாள். "என்ன படக்காரி, தீர்ப்பு என்ன?"

பாதியில் ஓடி வந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று கேட்பார்களே! முதல் பாதியை அப்படியே சொன்னாள். இரண்டாம் பாதியை நெருங்கி வரும்போது கொஞ்சம், விலகிப் போகும்போது கொஞ்சம் என்று சொந்தமாகக் கட்டினாள். அந்த மகள் வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கிறாள். ஒருநாள் மனசு கேட்காமல் அம்மாவைத் தேடி வருகிறாள். மடியில் விழுந்து, "தப்பு என் மேலதாம்மா, உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று கதறுகிறாள். அம்மா அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறாள். சுபம்.

"பளிச்சுடி. நூத்துக்கு நூறு பளிச்" என்று முடித்தாள்.

ஜோடி விடுதி விரிப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் பாக்கணும். மாமியார் என்ன கத்துனாலும் சரி" என்றாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் படக்காரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகளின் எண். ஈரக்கையோடு எடுத்தாள்.

"அந்தக் கடைசி ஸ்டாப் வீட்டுப் படம், பாத்தியா?"

நலமா என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் அவள் குரல்! படக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. "நான் பாக்காம இருப்பேனா?"

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

மகள் கொஞ்சம் தயங்கினாள். "கடைசியில நடக்குறது... சரின்னு பட்டுச்சா உனக்கு?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "ரொம்பச் சரி. பொண்ணுன்னா அப்படித்தான் இருக்கணும். தானா தேடி வந்து, தப்பு என் மேலதான்னு அம்மா மடியில விழுறா பாரு, அங்கதான் படமே நிக்குது" என்று வெளுத்து வாங்கினாள்.



"அப்படியா புரிஞ்சுது உனக்கு?"

"வேற எப்படிப் புரியணும்?"

"சரிம்மா. வெச்சிடறேன்."

பாவம், அன்றைக்கு முழுவதும் படக்காரி தலைகால் புரியாமல் திரிந்தாள். அம்மா என்றாளே! எத்தனை காலத்துக்குப் பிறகு! வருவாள், கட்டாயம் வருவாள் என்று கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள். மகள் கல்யாணத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்த பழைய சட்டையைக்கூட எடுத்துத் தேய்த்து வைத்தாள்.

அந்த வாரம் ஜோடி நிஜமாகவே படத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் வந்தவள் நான்காவது விரிப்பை மடிக்கும்போது கேட்டாள்.

"ஏன் படக்காரி, நீ சொன்னதும் நான் பாத்ததும் ஒரே படம்தானா?"

படக்காரி விலகிப் போய் முனையை இழுத்துப் பிடித்தாள். "ஏன்?"

"அந்தப் பொண்ணு எங்க வந்தா? அவ வரவே இல்லியே. அம்மாதான போறா, பொண்ணு வீட்டுக்கு. கதவு சாத்தியிருக்கு. அம்மா வெளிய நின்னுக்கிட்டு, 'நீ கூப்பிட்டப்ப நான் எடுக்கல'ன்னு சொல்றா. அவ்வளவுதான். வேற ஒரு சமாதானமும் சொல்லல. பொண்ணு கதவத் திறக்குறா. படம் முடிஞ்சுது. நான் அழுத அழுகையில எம் புருஷன் பயந்துட்டாரு, போ!"

படக்காரியின் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. தரையில் விழுந்தால் மறுபடி வெளுக்கத்தான் போட வேண்டும். மேஸ்திரி கத்திக்கொண்டே வந்தார். அவள் காதில் அது ஏறவில்லை. 'சரின்னு பட்டுச்சா உனக்கு' என்று மகள் கேட்டது மட்டும் காதுக்குள் ஓடியது. அவள் வழி காட்டியிருக்கிறாள். வா என்று நேராகச் சொல்ல வாய் வராமல், ஒரு படத்தைச் சாக்கு வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். இவளோ, நீ வந்து என் மடியில் விழு என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்" என்றாள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுக்கக்கூட நிற்கவில்லை. "மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ ஓடு" என்றாள் ஜோடி, எதற்கு என்று தெரியாமலேயே.

சோப்பு வாசனை வீசும் வேலைச் சட்டையோடு பேருந்து மாறி, தேடி விசாரித்து, மூன்றாவது மாடி ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. தட்டிவிட்டுக் காத்திராமல் கதவைப் பார்த்தே சொன்னாள்.

"நீ கூப்பிட்டப்ப நான் எடுக்கல."

கதவு திறந்தது. மகள் இளைத்திருந்தாள். கண் மட்டும் அப்படியே அப்பன் கண்.

"இது அந்தப் படத்து வசனம்" என்றாள்.

"தெரியும். என் ஜோடி பாத்துட்டு வந்து சொன்னா. நான் பாக்கல. உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்." படக்காரிக்கு மூச்சு வாங்கியது. "இடைவேளையிலயே எழுந்து ஓடி வந்துட்டேன். அந்த போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சுடி. என்னால உக்கார முடியல."

மகள் உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கீழே எந்த வீட்டிலோ குக்கர் கூவி அடங்கியது.

"அப்பா கடைசியா என்ன கேட்டாரு தெரியுமா?" என்றாள். "நான் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். என்னப் பாக்கல. வாசலப் பாத்துட்டு, 'அம்மா வந்துட்டாளா, கதை என்னாச்சு'ன்னாரு. ரெண்டு தடவ கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. ஏதாவது ஒரு கதையக் கட்டியாவது சொல்லியிருக்கலாம். அதுகூடத் தோணல எனக்கு."

படக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உம் மேல இருந்த கோவம் பாதி அதுதாம்மா. பக்கத்துல இருந்தது நான். அவரு கேட்டது உன்ன."  மகள் கதவோரம் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சரி, இப்பச் சொல்லு. அப்பா போன அன்னிக்குப் பாத்தியே, அது என்ன கதை? அப்பாவுக்குச் சொல்ல வெச்சிருந்ததை எனக்குச் சொல்லு."

படக்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ படங்கள் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்ததைக்கூட வசனம் பிசகாமல் சொல்வாள். கண்ணை மூடி யோசித்தாள். தியேட்டரின் கிழிந்த இருக்கை நினைவுக்கு வந்தது. எதிர் வரிசையில் ஒரு குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. வெளியே வந்து போனை எடுத்தது நினைவுக்கு வந்தது. திரையில் ஒன்றுமே இல்லை.

"ஞாபகம் இல்லடி" என்றாள். "எல்லாம் இருக்கு. அது மட்டும் போயிடுச்சு."

மகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். படக்காரி அவள் முதுகைத் தடவியபடியே அந்தப் படத்தின் முதல் காட்சியையாவது ஞாபகப்படுத்திப் பார்த்தாள். கடைசிவரை வரவே இல்லை.